களிம்பேறிய காசை வாசிப்போம்: ரோமானிய வெண்கல நாணயங்கள் தரும் வரலாற்றுப் பாடம்

வீட்டு மேசை இழுப்பறையை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய சாவி, ரப்பர் பட்டை, தீர்ந்துபோன பேனா இவற்றுக்கு நடுவே செம்பு நிறத்தில் ஒரு சென் காசு ஒன்றிரண்டு கிடைக்கலாம். 2008 ஏப்ரல் 1 முதல் கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்தது. அதோடு அந்தக் காசுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இன்றைக்குத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால், "டீச்சர், இது எந்த நாட்டுக் காசு?" என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை அது. எந்த நாட்டுக் காசு? யார் அடித்தது? எப்போது? இங்கே எப்படி வந்தது? மண்ணுக்குள்ளிருந்து வரும் ஒவ்வொரு பழங்காசிடமும் வரலாற்றாய்வாளர் கேட்பது இதே கேள்விகளைத்தான்.

யவனர், முசிறி, மிளகு, பொன் என்று நாம் இலக்கிய வகுப்பில் சொல்லித் தருகிறோம். யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அதனால் ரோமானியக் காசு என்றாலே பிள்ளைகளின் மனத்தில் தங்கம் மின்னுகிறது. ஆனால் ரோமப் பேரரசில் சாதாரண மக்களின் கையில் அன்றாடம் புரண்டது செம்பும் பித்தளையும் வெண்கலமும்தான். சேகரிப்பாளர்கள் இவை எல்லாவற்றையும் பொதுவாக 'வெண்கலக் காசு' என்பார்கள். தேய்ந்து, களிம்பேறி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும் அந்தக் காசை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். காசில் எங்குமே எழுதப்படாத ஒரு செய்தி எவ்வளவு முக்கியம் என்பதும் அப்போது புரியும்.

பதினாறு அணா கணக்கு

கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் அகஸ்டஸ் நாணய முறையை ஒழுங்குபடுத்தினார். மேலே 'ஆரியஸ்' என்ற பொற்காசு. ஒரு பொற்காசுக்கு 25 'டெனாரியஸ்' வெள்ளிக்காசு. ஒரு டெனாரியஸுக்கு நான்கு 'செஸ்டர்ஷியஸ்'. ஒரு செஸ்டர்ஷியஸுக்கு நான்கு 'ஆஸ்'. ஆக, ஒரு வெள்ளிக்காசுக்குப் பதினாறு ஆஸ். நம் தாத்தா பாட்டி காலத்து இந்திய ரூபாய்க்கும் பதினாறு அணாதானே! தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் பிள்ளைகளுக்கு மனத்தில் பதிய உதவும். ஆஸில் காற்பங்குக்கு 'குவாட்ரன்ஸ்' என்று பெயர். நம் 'காலணா' மாதிரி. ரோமில் பொதுக் குளியலகத்துக்குள் நுழைய அந்தக் காலணா போதும்.

செஸ்டர்ஷியஸ் பித்தளையால் ஆனது. சுமார் 25 கிராம் எடையுள்ள பெரிய காசு. அதில் பாதி மதிப்புள்ள 'டுபோண்டியஸ்' காசும் பித்தளை. ஆஸ் மட்டும் செம்பு. டுபோண்டியஸும் ஆஸும் ஏறக்குறைய ஒரே அளவு. புதிதாக இருந்தபோது ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று சிவப்பாகவும் தெரிந்திருக்கும். களிம்பேறிய பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான். பேரரசர் நீரோ காலத்திலிருந்து ஒரு வசதி கிடைக்கிறது: டுபோண்டியஸில் மன்னர் தலையில் கதிர் கதிராக நீளும் கிரீடம் இருக்கும். ஆஸில் பொதுவாக இலை மாலையோ வெறுந்தலையோ இருக்கும். ஆக, தலையைப் பார்த்தே காசின் மதிப்பைச் சொல்லலாம்.

இந்தக் காலத்து வெண்கலக் காசுகளின் பின்புறத்தில் எஸ், சி என்ற இரண்டு இலத்தீன் எழுத்துகள் பெரிதாக இருக்கும். 'செனட் சபையின் ஆணைப்படி' என்பதன் சுருக்கம் அது.

இந்தியா, ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஷியஸுக்குக் குறையாமல் பேரரசின் செல்வத்தை உறிஞ்சிவிடுகிறது என்று முதல் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி புலம்பினார். பாடநூல்களில் அடிக்கடி வரும் செய்தி இது. இதைப் படித்துவிட்டு, கப்பல் கப்பலாகப் பித்தளைக் காசு வந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. செஸ்டர்ஷியஸ் என்பது இங்கே கணக்குப் போடும் அலகு மட்டுமே. வணிகத்துக்கு வந்தது பெரும்பாலும் பொன்னும் வெள்ளியும்தான்.

காசு சுருங்கிய கதை

அடையாளம் காண்பதற்கு முன் இன்னொரு செய்தி தெரிய வேண்டும். ரோமானியக் காசின் அளவும் உலோகமும் காலத்துக்குக் காலம் மாறின. அந்த மாற்றமே நமக்கு ஒரு காலக் கணக்கு.

கி.பி. 215இல் பேரரசர் கரகல்லா ஒரு புதிய வெள்ளிக்காசை வெளியிட்டார். இதிலும் கதிர்க் கிரீடம் உண்டு. ஆரம்பத்தில் பாதியளவு வெள்ளி இருந்தது. போர்ச் செலவு கூடக் கூட, கலப்பும் கூடியது. 260களின் இறுதியில் நூற்றில் ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. வெள்ளிப் பூச்சு பூசிய வெண்கலம் என்றே சொல்லலாம். கி.பி. 294ஐ ஒட்டி டயோக்ளீஷியன் சுமார் 10 கிராம் எடையில் பெரிய வெண்கலக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் நிலைக்கவில்லை. 330களில் எடை இரண்டரை கிராம் ஆகி, பிறகு ஒன்றரை கிராமுக்கு வந்துவிட்டது. 348இல் காசை மறுபடியும் பெரிதாக்கினார்கள், மறுபடியும் சுருங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு சிறு காசின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். 445இல் வந்த ஒரு சட்டம், பொற்காசு ஒன்றின் விலையை இந்தச் சிறு காசில் 7,000 முதல் 7,200 வரை என்று குறிப்பிடுகிறது. சந்தைக்குப் போக ஒரு மூட்டையே வேண்டும் போலிருக்கிறது, இல்லையா?

இப்படிச் சுருங்கிய பிற்காலக் காசுகள் பலவற்றுக்கு அன்றைய மக்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது உறுதியில்லை. அதனால் நாணயவியலார் விட்டத்தை வைத்து வகைப்படுத்துகிறார்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் முதல் வகை. 21 முதல் 25 வரை இரண்டாம் வகை. 17 முதல் 21 வரை மூன்றாம் வகை. 17க்குக் கீழே நான்காம் வகை.

ஐந்து கேள்விகள்

சரி, கையில் ஒரு காசு இருக்கிறது. என்ன செய்வது? வரிசையாக ஐந்து கேள்விகள்.

முதலாவது, அளவும் எடையும் என்ன? ஓர் அளவுகோலும் நகைக்கடைத் தராசு போன்ற சிறிய தராசும் போதும். அளந்த உடனே நூற்றாண்டு ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது, தலையில் என்ன இருக்கிறது? இலை மாலையா, கதிர்க் கிரீடமா, முத்துப் பட்டமா? முத்துக் கோத்த பட்டம் இருந்தால் பெரும்பாலும் கான்ஸ்டன்டைன் காலத்தின் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு. கதிர்க் கிரீடம் இருந்து, காசும் சிறியதாக இருந்தால் மூன்றாம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, தலையைச் சுற்றியுள்ள எழுத்து என்ன சொல்கிறது? எல்லாம் இலத்தீன் பெரிய எழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளி குறைவு. இன்று 'யு' எழுதும் இடத்தில் 'வி' எழுதியிருப்பார்கள். எல்லாமே சுருக்கம். ஏ, வி, ஜி என்றால் 'அகஸ்டஸ்', அதாவது பேரரசர். டி, என் என்றால் 'நம் ஆண்டகை'. இது பிற்காலக் காசுகளில் வரும். என், ஓ, பி, சி என்றால் 'மேன்மைமிகு சீசர்'. பட்டத்துக்கு அடுத்தவர், நம் வழக்கில் இளவரசர்.

முற்காலக் காசுகளில் மன்னர் எத்தனையாவது முறை 'கான்சல்' பதவி ஏற்றார் என்ற எண்ணும் இருக்கும். வெஸ்பாசியன் காசில் 'கான்சல் 3' என்று இருந்தால் ஆண்டு கி.பி. 71. கல்வெட்டில் 'யாண்டு' என்று போட்டு ஆட்சியாண்டைக் குறிப்பார்களே, அதே மாதிரிதான். கல்வெட்டுப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது.

சோழர் கல்வெட்டில் நமக்கு வரும் இன்னொரு தலைவலியும் இங்கே உண்டு. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். பெயர் இல்லாமல் பட்டம் மட்டும் இருந்தால் எந்த ராஜகேசரி என்று சொல்வது கடினம். ரோமில், கான்ஸ்டன்டைனின் பிள்ளைகள் மூவருக்கு கான்ஸ்டான்டினுஸ், கான்ஸ்டான்டியுஸ், கான்ஸ்டான்ஸ் என்று பெயர். அப்பாவின் பெயரும் கான்ஸ்டான்டினுஸ்! இலத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் ஏழு எழுத்துகள் எல்லாருக்கும் பொது. கான்ஸ்டான்டினுஸுக்கும் கான்ஸ்டான்டியுஸுக்கும் முதல் ஒன்பது எழுத்துகள் பொது. பெயரின் கடைசிப் பகுதி தேய்ந்துபோன காசில் அவசரப்பட்டு முடிவு சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

நான்காவது, பின்புறத்தில் என்ன படம்? பிற்காலக் காசுகளை அடையாளம் காண இதுதான் பெரிய துணை. இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள் இருந்தால் 330 முதல் 335 வரை. அதே வீரர்கள், ஒரே கொடி என்றால் 335ஐ ஒட்டியும் அதற்குப் பின்னரும். இந்த வகையின் வாசகம் 'படையின் புகழ்' என்ற பொருளில் வரும். பெண் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் படம் ரோம் நகரைக் கொண்டாடுவது. இதுவும் 330இல் தொடங்கியது. குதிரையோடு விழும் எதிரியைப் போர்வீரன் ஈட்டியால் குத்தும் படம் இருந்தால் 348க்குப் பிறகு. 'நல்ல காலம் திரும்பியது' என்பது அதன் வாசகம். காசு சுருங்கிக்கொண்டே போன காலத்தில் இந்த வாசகம்! அரசு சொல்வதும் மக்களின் பையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று உயர்வகுப்பு மாணவர்களிடம் பேச இதைவிட நல்ல சான்று கிடைக்காது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு காசு என்றால் 388க்குப் பிறகு.

ஐந்தாவது, படத்துக்குக் கீழே கோட்டின் அடியில் என்ன எழுத்து? அது அக்கசாலையின் முத்திரை, அதாவது காசு அடித்த நகரத்தின் குறி. டி, ஆர் என்றால் டிரியர் நகரம். எஸ், ஐ, எஸ் என்றால் சிஸ்கியா. ஏ, என், டி என்றால் அந்தியோக்கியா. ஏ, எல், ஈ என்றால் அலெக்சாந்திரியா. நகரப் பெயருக்கு முன்னால் எஸ், எம் வந்தால் 'புனித நாணயம்' என்று பொருள். அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்பதற்கும் தனி எழுத்து உண்டு.

எப்படிச் சேர்த்து வாசிப்பது என்று பார்ப்போம். விட்டம் 18 மில்லிமீட்டர், எடை 2.4 கிராம். பின்புறத்தில் இரண்டு வீரர்கள், இரண்டு கொடிகள். முன்புற எழுத்தில் 'டினுஸ்' என்ற பகுதியும், பிறகு என், ஓ, பி, சி என்ற எழுத்துகளும் மட்டும் தெரிகின்றன. கீழே எஸ், எம், ஏ, எல், ஏ. 'டினுஸ்' என்பதால் கான்ஸ்டான்டினுஸ். ஆனால் 'சீசர்' என்பதால் அப்பா இல்லை, அவருடைய மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன். இரண்டு கொடிகள் என்பதால் 330க்கும் 335க்கும் இடையில். அடியிலுள்ள எழுத்துகளால் இடம் அலெக்சாந்திரியா, முதல் பட்டறை. வாசகத்தில் பாதிக்கு மேல் அழிந்துபோன காசு. ஆனாலும் யார், எப்போது, எங்கே என்ற மூன்றுக்கும் விடை வந்துவிட்டது.

இதற்கான பெரிய துணைநூல் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பத்துத் தொகுதி நூல்வரிசை. முதல் தொகுதி 1923இல் வந்தது. அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் இணையத் தரவுத்தளத்தில் பேரரசுக் காசுகளைப் பெயர், படம், அக்கசாலை வாரியாக இலவசமாகத் தேடலாம். ஆசிரியர்கள் வகுப்பில் திரையிட்டுக் காட்ட ஏற்றது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பழங்காசு கையில் வந்ததும் நம் வீட்டுப் பழக்கம் தலைதூக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது போல் துலக்கினால் பளபளவென்று ஆகிவிடும் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்! பழங்காசின் மேல் படிந்திருக்கும் கெட்டியான பச்சை அல்லது பழுப்புப் படலம் வெறும் அழுக்கு இல்லை. பல நூற்றாண்டுகளாக உலோகம் மண்ணோடு சேர்ந்து உருவான மேல்தோல் அது. எழுத்தின் மேடு பள்ளம் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். புளியின் அமிலம் தோலைக் கரைத்துவிட்டால் எழுத்தும் அதோடு போய்விடும். பிறகு கையில் இருப்பது பளபளப்பான ஒரு வட்டத் தகடு மட்டுமே.

இதற்கு மாறாக, மாவு போல உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் அது உலோகத்தை அரிக்கும் நோய். உப்பில் உள்ள குளோரைடும் ஈரமும் சேர்ந்து உண்டாக்குவது. நம் ஊர் ஈரக்காற்றில் இது வேகமாகப் பரவும். அந்தக் காசைத் தனியாக எடுத்து, ஈரமில்லாத டப்பாவில் வைத்து, பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

காசில் எழுதாத செய்தி

யார், எப்போது, எங்கே அடித்தார் என்பதைக் காசே சொல்லிவிடும். ஆனால் எங்கே கிடைத்தது, எதனோடு கிடைத்தது, எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பதைக் காசு சொல்லாது. எடுத்தவர் சொன்னால்தான் உண்டு.

2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், ஃப்ரோம் நகருக்கு அருகே ஒரு வயலில், உலோகங்காட்டும் கருவியோடு பழம்பொருள் தேடிக்கொண்டிருந்தார் ஒருவர். மருத்துவமனைச் சமையல்காரரான அவருக்கு இது பொழுதுபோக்கு. தோண்டியபோது ஒரு பானையின் வாயும் சில காசுகளும் தென்பட்டன. அவர் அப்போதே தோண்டுவதை நிறுத்தினார். குழியை மூடிவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து பானையிலிருந்த காசுகளை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே குறித்து எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள். எடை சுமார் 160 கிலோ. ஏறக்குறைய எல்லாமே மூன்றாம் நூற்றாண்டின் மலிவான வெண்கலக் காசுகள்.

அடுக்கடுக்காக எடுத்ததால் தெரிந்தது என்ன? உண்டியல் போல ஆண்டுக்கணக்கில் போட்டுவந்திருந்தால் கடைசிக்காலக் காசு மேலே இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொகுதியில் காலத்தால் பிந்திய கராசியஸ் மன்னரின் காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் இருந்தது. அப்படியானால் எல்லாக் காசையும் ஒரே நேரத்தில் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பானையால் அவ்வளவு எடையைத் தூக்கித் தாங்க முடியாது என்பதால், பானையை முதலில் நிலத்தில் புதைத்துவிட்டுத்தான் கொட்டியிருக்க வேண்டும். திரும்ப எடுக்கும் எண்ணமில்லாமல் தெய்வத்துக்குப் படைத்த காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்துகூட அதன் பிறகு எழுந்தது. அவர் ஆர்வத்தில் கையால் அள்ளியிருந்தால் 52,503 காசுகளும் அப்படியே கிடைத்திருக்கும். இந்தக் கதை மட்டும் கிடைத்திருக்காது.

அவருக்கு நட்டமும் இல்லை. அருங்காட்சியகம் 3,20,250 பவுண்டு கொடுத்து அதை வாங்கியது. பணம் அவருக்கும் நிலத்துச் சொந்தக்காரருக்கும் போனது. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசு இரண்டு சேர்ந்து கிடைத்தாலே அறிவிக்கச் சொல்கிறது. செம்பு, வெண்கலம் என்றால் பத்து. அறிவித்தவருக்கு நியாயமான விலையும் கிடைக்கும் என்பதால் மக்கள் மறைப்பதில்லை.

கிடைத்த இடத்தை வைத்து அளவுக்கு மீறி முடிவு கட்டுவதும் தவறு. 2016இல் ஜப்பானின் ஒகினாவாவில், கட்சுரென் கோட்டை அகழாய்வில் கிடைத்த காசுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, சில ரோமானியச் செப்புக் காசுகள் என்று தெரிந்தது. கோட்டை செழித்தது ரோமப் பேரரசுக்குப் பல நூற்றாண்டு கழித்து. நமக்குப் பக்கத்தில், தாய்லாந்தின் ஊ தோங்கில், 269 முதல் 271 வரை கால் நாட்டுப் பகுதியை ஆண்ட விக்டோரினுஸின் காசு ஒன்று கிடைத்திருக்கிறது. "அப்போ ரோமர்கள் தாய்லாந்துக்கு வந்தாங்களா சார்?" என்று மாணவர் கேட்பார். காசு வந்திருக்கிறது; ரோமர் வந்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காசு பல கை மாறும், பல கப்பல் ஏறும்.

வைகைக் கரையில், அமராவதி மணலில்

இனி நம் முன்னோர் மண்ணுக்கு வருவோம். 1898இல் புதுக்கோட்டையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். பொற்காசுக்கு மதிப்பு அதன் பொன்தான். முகம் யாருடையது என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

செப்புக் காசின் கதை வேறு. மதுரையிலும், கரூர் அமராவதி ஆற்று மணலிலும், இலங்கையின் பல இடங்களிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் சிறு காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஒரு கிராம் செம்புக்கு உலோக மதிப்பு மிகக் குறைவு. பிறகு ஏன் இத்தனை கடல் தாண்டி வந்தது? இலங்கையில் கிடைத்தவற்றில் பல, ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த போலிகள். வெறும் உலோகத்துக்காக என்றால் போலி செய்ய வேண்டிய தேவை இல்லை. அப்படியானால் அவை சந்தையில் சில்லறையாகப் புழங்கின என்பதற்கு இது வலுவான சான்று. ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்பவர் எழுதிய நூலில் ஒரு கதை உண்டு: இலங்கை மன்னர் முன்னால் ரோமானிய வணிகரும் பாரசீகரும் யார் அரசர் பெரியவர் என்று வாதிட, ரோமானியப் பொற்காசும் பாரசீக வெள்ளிக்காசும் ஒப்பிடப்பட, பொற்காசு வென்றதாம். கதையில் வருவது பொன். மண்ணில் குவியல் குவியலாகக் கிடைப்பதோ செம்பு.

இவற்றில் கரூர், மதுரைக் காசுகளை முறையாக ஆராய்ந்து 1994இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் ஒரு சேகரிப்பாளர். சங்ககாலப் பாண்டியரின் 'பெருவழுதி' எழுத்துள்ள காசை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவரும் அவரே. சேகரிப்பாளர் என்றாலே குற்றவாளி போலப் பார்ப்பது சரியில்லை. அவர்களின் ஆர்வம் இல்லாவிட்டால் இந்தக் காசுகளில் பல பாத்திரக்காரர் உலையில் உருகிப்போயிருக்கும்.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. மணல் சலிப்பவர் எடுத்து, வியாபாரி வாங்கி, சேகரிப்பாளரிடம் வந்து சேரும் காசுக்கு 'ஆற்றில் கிடைத்தது' என்பதற்கு மேல் முகவரி இல்லை. எந்த மண்ணடுக்கு? பக்கத்தில் என்ன பானையோடு? தெரியாது. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது இரண்டாம் வாலன்டீனியன், தியோடோசியஸ், ஆர்கேடியஸ் ஆகியோரின் காசுகள் கிடைத்தன. எண்ணிக்கையில் குறைவு. ஆனால் குடியிருப்பு மண்ணிலிருந்து, மற்றப் பொருள்களோடு வந்தவை. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் அந்தத் துறைமுகம் கடல்வணிகத்தோடு தொடர்பில் இருந்தது என்று நாம் உறுதியாகப் பேச முடிவது அதனால்தான். ஒரு பை நிறைய முகவரியில்லாக் காசு தர முடியாத பதிலை, முகவரியுள்ள சில காசுகள் தந்துவிடுகின்றன.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஊருக்குப் போய்வரும் நம் மக்கள் சிலர் கோயில் வாசலில் 'பழங்காசு' வாங்கி வருகிறார்கள். அசல் என்றால் சட்டச் சிக்கல்; போலி என்றால் பண நட்டம். இரண்டும் வேண்டாம் என்று பிள்ளைகள் மூலம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்.

வகுப்பறையில்

ரோமானியக் காசு இல்லாமலேயே இந்தப் பாடத்தை நடத்தலாம். 1989இல் வந்த வரிசையைச் சேர்ந்த பழைய பத்து சென் காசு ஒன்றைக் கொடுங்கள். பின்புறத்தில் சோங்காக் பலகை இருக்கும், "பல்லாங்குழி!" என்று யாராவது கத்துவார்கள். ஆண்டெண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். நீங்கள் ஆயிரம் ஆண்டு கழித்து இதைத் தோண்டி எடுத்த ஆய்வாளர்கள் என்று சொல்லி, மூன்று பத்தி போட்ட தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் பத்தியில் கண்ணால் பார்ப்பது: அளவு, எழுத்து, எண், படம். இரண்டாவதில் அதிலிருந்து ஊகிப்பது. ஊகத்துக்குக் காரணமும் கட்டாயம் எழுத வேண்டும். மூன்றாவதில் காசை எவ்வளவு பார்த்தாலும் தெரியாதது. முதல் பத்தி சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்றாவது பத்தியில்தான் பிள்ளைகள் தயங்குவார்கள். அங்கே நேரம் கொடுங்கள்.

பிறகு, மாணவர் யாராவது வீட்டிலிருந்து பழங்காசு கொண்டுவந்தால் அதை ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழுதவையுங்கள்: யார் கொடுத்தார், அவருக்கு எங்கே, எப்போது, எதனோடு கிடைத்தது. "தாத்தா வச்சிருந்தாரு" என்றால் அதையும் அப்படியே எழுதட்டும். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதட்டும். நம் நாட்டில் மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள் கிடைத்தால் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மன்னர் பெயரைப் பிறகு யாராவது கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதற்கு நூல் இருக்கிறது, தரவுத்தளம் இருக்கிறது. உறையின் மேல் எழுதும் அந்த இரண்டு வரிக்கு மட்டும் எந்த நூலும் இல்லை. அதைத் தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.